ஆறு மணி நேரம் தாங்கும்

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணனுக்கு,

வாலு எழுதறேன். இங்க அம்மா, அப்பா, நான், அப்பாவோட ஆக்ஸிஜன் மெஷின், நாலு பேரும் சுகம். நாலாவது ஆள் மட்டும் நாள் முழுக்க குறட்டை விடுது. நீ சுகமா? நேரத்துக்குச் சாப்பிடறியா, இல்ல இன்னும் சார்ஜர் டெஸ்ட் பண்ற மேஜையிலயே பன்னைப் பிச்சுப் போட்டுக்கறியா?

முதல்ல பெரிய நியூஸ். சாமானைச் சோதிச்சு மார்க் போடற உங்க "தட்டிப்பார்" தளத்தோட வாசகர் மன்றத்துல என்னை மாடரேட்டர் ஆக்கிட்டாங்க!!! சம்பளம் கிடையாது. பேருக்குப் பக்கத்துல ஒரு பச்சை நட்சத்திரம் வரும், அவ்வளவுதான். அதுக்கே நான் அம்மாவைத் தூக்கிச் சுத்திட்டேன். சோதனை அறையில உக்காந்திருக்கறது என் அண்ணன்னு யாருக்கும் சொல்லலை, பயப்படாதே.

வந்த ரெண்டாவது நாளே சண்டை. ஓட்டைவாளின்னு பேர் வச்சுக்கிட்டு ஒருத்தன், "தட்டிப்பார் கம்பெனிக்காரங்ககிட்ட வாங்கித் தின்னுட்டு மார்க் போடுது, எல்லாம் திருட்டுக் கும்பல்"னு எழுதறான். நான் ஒரே வார்த்தைதான் கேட்டேன்: ஆதாரம்? "ஊருக்கே தெரியும்"கறான். ஊருக்கே தெரிஞ்சா எனக்கும் தெரியணுமே, நான் என்ன கிணத்துக்குள்ளயா இருக்கேன்னேன். முப்பத்தெட்டு பேர் சிரிச்சாங்க. அதோட விடலை, மன்றத்துக்கு மேல பெருசா ஒரு விதி எழுதி ஆணி அடிச்சுட்டேன்: "ஆதாரம் இல்லாத புகார் நீக்கப்படும்!" ஆச்சரியக்குறியோட.

எனக்கு ஏன் இவ்வளவு கோவம்னு உனக்குத் தெரியும். அப்பா எடை அளவு இன்ஸ்பெக்டரா இருந்தப்போ ஒரு கடைக்காரன் லஞ்சம்னு ஒரு மனு எழுதிப் போட்டான், அஞ்சு மாசம் வேலையில்லாம வீட்ல உக்கார வச்சாங்களே. தெருவுல ஒருத்தரும் நம்மகிட்ட முகம் குடுத்துப் பேசலை. கடைசியில ஒரே வரி: "புகாருக்கு ஆதாரம் இல்லை." அந்தக் காகிதத்தை அம்மா இன்னும் பீரோவுல புடவைக்கு அடியில வச்சிருக்காங்க. வாய் இருக்குன்னு எவனும் எவனையும் எதுவும் சொல்லலாமா?

சரி, வீட்டு விஷயம். கரண்ட் போனா உதவட்டும்னு வச்சிருக்கற சிலிண்டர், போகாத விருந்தாளி மாதிரி ஹால்ல நிக்குது. நேத்தும் சுண்டுவிரலை இடிச்சுக்கிட்டேன். அதை அனுப்பிட்டு, மெஷினை ஓட்டற மாதிரி பெரிய பேட்டரி ஒண்ணு வாங்கலாம்னு இருக்கோம். எதை வாங்கலாம்னு நீ எழுது.

போன்ல ரெண்டு வார்த்தை பேசினாலே அப்பாவுக்கு மூச்சு வாங்குது. உன் கடிதம்தான் அவருக்கு எல்லாம். கவர் கிழியற சத்தம் கேட்டாலே "சத்தமாப் படி கழுதை"ங்கறாரு. அதனால நீளமா எழுது.

உன்
வாலு


பிப்ரவரி 15

அன்புள்ள அப்பா, அம்மா, வாலு மூவருக்கும்,

நான் நலம். அப்பாவின் மூச்சு எப்படி இருக்கிறது? மாடிப்படி பக்கம் போகாமல் இருக்கிறாரா? அம்மாவுக்குத் தையல் கூடத்தில் இன்னும் நின்றுகொண்டே வேலையா?

அப்பா சிரிக்க ஒரு கதை. எங்கள் சோதனை அறை உண்மையில் ஒரு கார் நிறுத்துமிடம். நான் ஒருவன்தான் சோதிப்பவன். பேட்டரியைச் சோதிக்க ஒரு பலகையில் குண்டு பல்புகளை வரிசையாக மாட்டி இணைத்துவிடுவேன். பேட்டரி தீரும்வரை அவை எரியும். கம்ப்யூட்டர் நிமிடத்துக்கு ஒரு புள்ளி வைத்துக் கோடு போடும். அந்தக் கோட்டைத்தான் வாலு தளத்தில் பார்க்கிறாள்.

போன மாதம் "கவசம்-5" என்ற பேட்டரியை ஓட்டினேன். சரியாக இரண்டு மணி நேரம் ஆனபோது ஒரு பல்பு டப்பென்று போனது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு கழற்றினேன். கைக்குட்டை கருகியது. பல்பு என் மடியில் விழுந்தது. நான் எழுந்து குதித்த குதியில் நாற்காலி உடைந்தது. புது பல்பு மாட்ட நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்துக்குக் கோட்டில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது. பிறகு மறுபடி எரிந்து, மொத்தம் ஐந்து மணி நேரம் ஓடி முடிந்தது. அந்தப் பள்ளத்தை அப்படியே விட்டுவிட்டேன். அது என் சுட்ட விரல் அல்லவா.

பேட்டரிக்கு அவசரப்பட வேண்டாம். கவசம்-6 வரப்போகிறது என்கிறார்கள்.

வாலு, அந்த ஓட்டைவாளியோடு மல்லுக்கட்டாதே. எங்களுக்காக நீ சண்டை போட வேண்டியதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மூத்தவன்


மார்ச் 1

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் சுகம், ஆனா உன் மேல கேஸ் போடணும். பல்பு கதையைப் படிச்சதும் அப்பா சிரிச்ச சிரிப்புல இருமல் வந்து, இருமல்ல கண்ணீர் வந்து, "இன்னொரு தடவை படி"ன்னு திரும்பவும் கேட்டு, திரும்பவும் இருமி! அம்மா என் கையிலிருந்து கடிதத்தைப் பிடுங்கி ஒளிச்சு வச்சுட்டாங்க. "நாற்காலி எப்படிடி உடையும், அவன்தான் குச்சி மாதிரி இருக்கானே"ன்னு சமையலறையில தனியா சிரிக்கறாங்க.

வந்துடுச்சு கவசம்-6! போன வியாழக்கிழமை தளத்துல விமர்சனம். பத்துக்கு ஒன்பது புள்ளி ஒண்ணு! "ஆறு மணி நேரம் தாங்கும். ஆக்ஸிஜன் இயந்திரம் உள்ள வீடுகளுக்கும் ஏற்றது." நமக்காகவே எழுதின மாதிரி இல்ல? நீ வாயைத் திறக்கலையே, அமுக்குணி! மறுநாளே வாங்கிட்டோம். வந்த அன்னிக்கே சிலிண்டரைத் திருப்பி அனுப்பியாச்சு. ஹால்ல இப்ப அப்பாவால தடுமாறாம நடக்க முடியுது.

அரை மணி நேரம் ஓட்டிப் பாத்தோம். பேட்டரி மேல காட்டற சார்ஜ் கோட்டுல ஒண்ணு கூடக் குறையலை. அப்பா இருக்காரே, "முழுசா ஓட்டிப் பாத்துடலாம். கடைக்காரன் எடைக்கல்லுல எத்தனை முத்திரை இருந்தாலும் நான் என் கல்லை வச்சுப் பாத்துட்டுதான் கையெழுத்துப் போடுவேன்"னாரு. "அப்பா, உங்க பையன் வச்சுப் பாத்த கல்லுப்பா அது! சும்மா ஓட்டி ஓட்டி பேட்டரியோட ஆயுசை ஏன் குறைக்கணும்?"னேன். பேட்டரியை ஒரு தடவை தடவிப் பாத்தாரு. அப்புறம், "அதுவும் சரிதான்"னாரு. அவர் முகத்தை நீ பாத்திருக்கணும். பெருமைப்பட்டா அவருக்கு மூக்கு சிவக்கும் தெரியுமா?

இப்ப வீட்டுக்கு யார் வந்தாலும் பேட்டரியைக் காட்டி "என் பையன் செக் பண்ணது"ங்கறாரு. பால்காரர் வரைக்கும் சொல்லியாச்சு.

சீக்கிரம் பதில் போடு.

வாலு (பச்சை நட்சத்திரம்)


மார்ச் 20

அன்புள்ள மூவருக்கும்,

நலம். தாமதத்துக்கு மன்னிக்கவும். வேலை அதிகம்.

சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டாம். முடிந்தால் மறுபடி ஒன்று வாங்கி வையுங்கள். எந்தப் பேட்டரியையும் ஒரேயடியாக நம்பக் கூடாது. பழையதாகும், சூடாகும். அப்பா தனியாக இருக்கும் நேரத்தில் அதை நம்பி விட்டுப் போகாதீர்கள்.

வேறு விசேஷம் இல்லை. அப்பா மூச்சுப் பயிற்சியை விடாமல் செய்யட்டும்.

அன்புடன்,
மூத்தவன்


மார்ச் 31

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்க எல்லாரும் சுகம். உனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சு. இருபது நாள் கழிச்சு ஒரு கடிதம், அதுவும் மருந்துச் சீட்டு மாதிரி. அப்பா "இவ்வளவுதானா? காகிதத்தைத் திருப்பிப் பாரு"ன்னு ரெண்டு தடவை கேட்டாரு.

பேட்டரியை நம்பாதேன்னு நீயே சொல்றியே, சரி. மன்றத்து விதிப்படியே கேக்கறேன்: ஆதாரம்? நீ ஓட்டின கோடு ஆறு மணி நேரம்னு சொல்லுது. இப்ப ஆதாரம் இல்லாம நீயே அதைக் குறை சொன்னா உன்னையும் தடை பண்ணிடுவேன், ஆமா! அப்பா சிரிச்சுக்கிட்டே "அவன் சின்ன வயசுலயே பயந்தாங்கொள்ளி. பரீட்சையில நூறு வாங்கிட்டு வந்து பெயிலுன்னு அழுவான்"னாரு.

ஓட்டைவாளியைத் தடை பண்ணியே பண்ணிட்டேன். திரும்ப வந்து, "கவசம்-6 என் வீட்ல ரெண்டரை மணி நேரத்துல நின்னுடுச்சு"ன்னு எழுதினான். வீடியோ இருக்கா? இல்லை. எத்தனை வாட் ஓடிச்சு? தெரியாது. கடிகாரம் பாத்தியா? "மெஷின் நின்னப்ப எவன்டா கடிகாரம் பாப்பான்?"கறான். நீக்கிட்டேன். விதின்னா விதி.

வர்ற புதன்கிழமை, எட்டாம் தேதி, காலைல ஒன்பதுல இருந்து ரெண்டு வரைக்கும் எங்க தெருவுல கரண்ட் இருக்காதாம். கம்பி மாத்தறாங்க, நோட்டீஸ் ஒட்டியிருக்கு. அன்னிக்கு எனக்குப் பரீட்சை, அம்மாவுக்கு லீவு குடுக்க மாட்டேங்கறாங்க. ஆனா கட் அஞ்சு மணி நேரம், பேட்டரி ஆறு மணி நேரம். கணக்கு ஜோர். எதிர்வீட்டு அக்காகிட்ட எட்டிப் பாக்கச் சொல்லிட்டேன். பரீட்சை முடிஞ்சதும் ஓடி வந்துடுவேன்.

நல்லா எழுதணும்னு வேண்டிக்கோ.

வாலு


ஏப்ரல் 27

அன்புள்ள அம்மாவுக்கும் தங்கைக்கும்,

இங்கே நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அம்மா சாப்பிடுகிறாரா?

மூன்று நாள் உங்களோடு இருந்தும் எதுவும் பேசவில்லை. பேச வரவில்லை. மன்னித்துவிடு.

வாலு, உன் கடைசிக் கடிதம் எனக்கு வியாழக்கிழமைதான் கிடைத்தது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. முன்பே கிடைத்திருந்தால் ஏதாவது செய்திருப்பேன்.

உன்னை நீ குறை சொல்லிக்கொள்ளாதே. பரீட்சை எழுதப் போனது தப்பில்லை. டாக்டரும் சொன்னார் அல்லவா, அவருடைய நுரையீரல் எந்த நாளிலும் கைவிட்டிருக்கலாம் என்று.

பேட்டரியை எங்காவது தூக்கிப் போட்டுவிடு. வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

அன்புடன்,
மூத்தவன்


மே 17

அண்ணா,

நானும் அம்மாவும் இருக்கோம். நாலு பேர்னு எழுத ஆரம்பிச்சு அடிச்சுட்டேன்.

பேட்டரியைத் தூக்கிப் போடலை. நீ வந்த அன்னிக்கு முதல் வேலையா ஒரு போர்வையை எடுத்து அதை மூடினே. அதைப் பாக்க உனக்குத் தாங்கலைன்னு நினைச்சேன். போர்வை இன்னும் அதே மாதிரிதான் இருக்கு.

இதை நான் அம்மாவைத் தவிர யாருக்கும் சொல்லலை. ஒன்றரை மணிக்கு வந்தப்போ அப்பா கட்டில்ல இல்லை. ஜன்னல்கிட்ட நாற்காலியை இழுத்துப் போட்டு, ரெண்டு கதவையும் திறந்து வச்சுட்டு, கம்பியைப் பிடிச்சபடி உக்காந்திருந்தாரு. போன் கட்டில்ல கிடந்துச்சு. எதிர்வீட்டு அக்கா பதினொன்றரைக்கு மேல ஒரு பீப் பீப் கேட்டுச்சுன்னாங்க. லாரி ரிவர்ஸ் எடுக்குதுன்னு நினைச்சாங்களாம். என்னைப் பாக்கும்போதெல்லாம் அழறாங்க.

நம்ம வீட்டுக்கு வந்த பேட்டரி மட்டும்தான் பழுதுன்னு நான் முடிவு பண்ணியிருந்தேன். தட்டிப்பார் மேல தப்பு இல்லை, கம்பெனி மேலதான் தப்பு. அதை எழுதணும், ஆதாரத்தோட எழுதணும்னு தளத்துல இருக்கற எல்லாக் கோட்டையும் எடுத்து வச்சு ஒப்பிட்டுப் பாத்தேன். உன்னைக் காப்பாத்தத்தான் பாத்தேன், அண்ணா.

கவசம்-6 கோட்டுல ஒரு சின்னப் பள்ளம் இருக்கு. ரெண்டு மணி இருபத்துநாலு நிமிஷத்துல.

கவசம்-5 கோட்டுல சரியா ரெண்டு மணி நேரத்துல ஒரு பள்ளம். அது உன் சுட்ட விரல். நீ எழுதி, நான் அப்பாவுக்கு ரெண்டு தடவை படிச்சது.

அஞ்சு மணி நேரத்துல ரெண்டு. ஆறு மணி நேரத்துல ரெண்டு இருபத்துநாலு. ரெண்டுமே சரியா அஞ்சுல ரெண்டு பங்கு. அஞ்சை ஆறா இழுத்து மேல வச்சுப் பாத்தேன். ஒரு புள்ளி கூட விலகலை.

ஒரே ஒரு கேள்வி. கவசம்-6 ஐ நீ ஓட்டினியா?

தங்கச்சி


ஜூன் 10

அன்புள்ள அம்மாவுக்கும் தங்கைக்கும்,

நலம், நலமறிய ஆவல். இங்கே மழை தொடங்கிவிட்டது. அறை ஒழுகுகிறது. பொருள்களை எல்லாம் மேஜை மேல் ஏற்றி வைத்திருக்கிறேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி என்று எதிர்வீட்டு அக்கா சொன்னார். வெந்நீர் ஒத்தடம் கொடு. தங்கை பரீட்சை முடிவு வந்ததா? விட்டுப்போன தாளை மறுபடி எழுதிவிடு.

அன்புடன்,
மூத்தவன்


ஜூன் 16

அண்ணா,

அம்மா முழங்கால் பரவாயில்லை. மழை இங்கயும்தான்.

நான் கேட்டதுக்கு நீ பதில் எழுதலை.


ஜூலை 6

வாலு,

அப்பா கேக்கப்போறாருன்னுதான் இத்தனை நாள் நல்ல தமிழ்ல எழுதினேன். இனி யாருக்காக.

ஓட்டலை. ஒரு மணி நேரம் ஓட்டினேன். அவ்வளவுதான்.

எல்லாத்தையும் மூணு தடவை ஓட்டணும்னு தளத்துல போட்டிருக்கும். ஒரு தடவை ஓட்டவே நாள் போதாது. அன்னிக்கு மேஜையில பதினோரு பொருள் காத்துக்கிட்டு இருந்துச்சு. கவசம்-6 சாயங்காலம் வந்துச்சு, மறுநாள் காலைல விமர்சனம் வரணும்னு ஆசிரியர் நிக்கறாரு. ஒரு மணி நேரம் எரிஞ்சுது, நல்லாத்தான் எரிஞ்சுது. கவசம்-5 அஞ்சு மணி நேரம்னா கவசம்-6 ஆறு மணி நேரம்தானேன்னு பழைய கோட்டை எடுத்து இழுத்தேன். அடுத்த வாரம் ஒழுங்கா ஓட்டி மாத்திடலாம்னு நினைச்சேன். பள்ளம் இருக்கறது மறந்தே போச்சு.

"ஆக்ஸிஜன் இயந்திரம்"ங்கற வரி நான் எழுதினது இல்லை. ஆசிரியர் சேர்த்தது. ஆனா படிச்சேன். படிச்சுட்டு விட்டேன்.

நாங்க வாங்கித் தின்னோம்னு ஓட்டைவாளி சொன்னது பொய், அதையும் சொல்லிடறேன். யாரும் எங்களுக்கு எதுவும் குடுக்கலை. குடுத்திருந்தா கூட ஒரு காரணம்னு இருந்திருக்கும். எனக்குத் தூக்கம் வந்துச்சு. அதுதான் காரணம்.

நீ வாங்கிட்டேன்னு எழுதின அன்னிக்கே அதைத் தேடி ஓடினேன். எங்களுக்குச் சோதிக்க வந்ததைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிட்டாங்க. இன்னொண்ணு கேட்டேன், குடுக்கலை. அதனாலதான் இருபது நாள். என்கிட்ட அது கெட்டதுன்னும் ஆதாரம் இல்லை, நல்லதுன்னும் இல்லை. "நான் ஓட்டவே இல்லை"ன்னு ஒரு வரி எழுதியிருந்தா நீ அந்த நிமிஷமே சிலிண்டரைக் கொண்டுவந்திருப்பே. எழுதினேன். அப்பாவுக்கு நீ சத்தமாப் படிப்பேன்னு கிழிச்சேன். பால்காரர் வரைக்கும் சொல்லிட்டாரேன்னு கிழிச்சேன்.

இன்னொண்ணு இருக்கு. உன் கடிதம் வியாழக்கிழமை வந்துச்சுன்னு எழுதினேனே, பொய். திங்கட்கிழமையே வந்துடுச்சு. செவ்வாய்க்கிழமை போன் பண்ணேன். அப்பாதான் எடுத்தாரு. நீ குளிக்கறேன்னாரு. "சிலிண்டர் ஒண்ணு வாங்கி வச்சுக்கங்கப்பா"ன்னேன். "எதுக்குடா? நீதானே ஆறு மணி நேரம்னு போட்டே"ன்னு சிரிச்சாரு. சிரிச்சதும் இருமல் வந்துடுச்சு. "போனை வைக்கறேன்டா, உன் பேட்டரி பாத்துக்கும்"னு வச்சுட்டாரு.

திரும்பப் பண்ணலை. ஆறு இல்லன்னாலும் அஞ்சாவது தாங்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அதையும் ஓட்டிப் பாக்காமலேதான் சொன்னேன்.

இந்தக் கடிதத்தை நீ என்ன வேணா செய்.

அண்ணன்


ஆகஸ்ட் 2

அண்ணா,

நானும் அம்மாவும் இருக்கோம். அம்மாவுக்கு உன் கடிதத்தை நான் படிச்சுக் காட்டலை. அவங்களே வாங்கிப் படிச்சாங்க. படிச்சு முடிச்சு மடிச்சு, பீரோவுல அந்த ஒரு வரிக் காகிதத்துக்குப் பக்கத்துல வச்சுட்டாங்க. அன்னிக்கு ராத்திரி உனக்கும் சேர்த்துச் சமைச்சாங்க. ஏன்னு எனக்குக் கேக்கத் தெரியலை.

செவ்வாய்க்கிழமை அப்பா சாயங்காலம் வரைக்கும் சிரிச்ச முகமாவே இருந்தாரு. ஏன்பான்னு கேட்டதுக்கு "ஒண்ணுமில்ல போ கழுதை"ன்னாரு. அது நீ போன் பண்ணதாலன்னு இப்பத்தான் தெரியுது.

உன் கடிதத்தைப் படம் எடுத்து, ரெண்டு கோட்டையும் பக்கத்துல வச்சு மன்றத்துல போட்டேன். நான் யார்னும் எழுதினேன். அந்தப் பதிவு ஒரு மணி நேரம் கூட இருக்கலை. பச்சை நட்சத்திரத்தைப் பிடுங்கிட்டாங்க. புது மாடரேட்டர் எழுதினான்: "யார் வேண்டுமானாலும் கடிதம் எழுதலாம். கோடு வரையவும் தெரியும். ஆதாரம் இல்லாத புகார் நீக்கப்படும்!" அந்த ஆச்சரியக்குறி நான் போட்டது. ஓடிப்போய் தளத்தைப் பாத்தா, கவசம்-6 கோட்டுல பள்ளத்தைக் காணோம். வழிச்சு விட்ட மாதிரி இருக்கு. மார்க் மட்டும் அதே ஒன்பது புள்ளி ஒண்ணு.

ஓட்டைவாளியைத் தேடிப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டேன். நாலு நாள் கழிச்சு ஒரு வரி போட்டாரு. "என் அம்மாவுக்காக வாங்கினது. நல்லவேளை, நாங்க சிலிண்டரைத் திருப்பிக் குடுக்கலை." வேற ஒண்ணும் திட்டலை. திட்டியிருக்கலாம்.

அவர்கிட்ட நான் கேட்டதெல்லாம் ஞாபகம் வந்துச்சு. வீடியோ இருக்கா, எத்தனை வாட், கடிகாரம் பாத்தியா. கேட்டது தப்பில்லைன்னுதான் இப்பவும் நினைக்கறேன். ஆனா நான் கேட்டது பதில் வேணும்னு இல்லை, வாயை அடைக்க. வீட்ல ஒரு பேட்டரி, ஒரு மெஷின், ஒரு கடிகாரம் இருந்துச்சு. நான் ஓட்டிப் பாக்கலை. அப்பா ஓட்டிப் பாக்கணும்னாரு, நான் விடலை. கோட்டை இழுத்தது நீ. கல்லைக் கீழ வைக்கச் சொன்னது நான்.

அதனால ஞாயித்துக்கிழமை போர்வையை எடுத்தேன்.

பேட்டரியை முதல் நாளே முழுசா சார்ஜ் பண்ணேன். அப்பா கட்டில் பக்கத்துல அதே இடத்துல மெஷினை வச்சேன். டியூபை நாற்காலி கையில சுத்தித் தொங்கவிட்டேன், வேற எங்க வைக்கறதுன்னு தெரியலை. சுவர்க் கடிகாரத்தைக் கழட்டி மெஷின் மேல வச்சு, போனை எதிர்ல நிறுத்தி, காலைல சரியா ஒன்பது மணிக்கு ஓட்ட ஆரம்பிச்சேன். நடுவுல வீடியோவை நிறுத்தலை. வெட்டலை.

நாலு மாசம் கழிச்சு வீட்ல அந்தக் குறட்டைச் சத்தம். முதல் பத்து நிமிஷம் என்னால அந்த அறையில இருக்க முடியலை. அம்மா வந்து கட்டில்ல உக்காந்தாங்க. நடுவுல ஒரு தடவை, பழக்கத்துல, டியூப் மடங்கியிருக்கான்னு தொட்டு நிமிர்த்திவிட்டாங்க. வீடியோவுல இருக்கு.

ரெண்டு மணி நேரம் ஆனப்போ பேட்டரியில மூணு கோடு இருந்துச்சு. மூணு! பத்து நிமிஷம் கழிச்சும் மூணு. ரெண்டு முப்பத்திமூணுல அப்படியே, மூணு கோட்டோட, அணைஞ்சு போச்சு. தொட்டா கை சுட்டுது. மெஷின் பீப் போட ஆரம்பிச்சுது.

அம்மா கேட்டாங்க, "இந்தச் சத்தமா?"

"ஆமாம்மா."

"அவர் எந்திரிச்சு ஜன்னல் வரைக்கும் போயிருக்காரே."

நிறுத்து நிறுத்துன்னு சொல்லுவாங்கன்னு பாத்தேன். சொல்லலை. அது தானா ஓயற வரைக்கும் கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தாங்க. எதிர்வீட்டு அக்கா வெளிய வந்து நம்ம வாசல்லயே நின்னாங்க. உள்ள வரலை.

அப்பா ஆபீஸ் ரிப்போர்ட்டு எப்படி இருக்கும்னு உனக்கு ஞாபகம் இருக்கும். என்ன கல், எவ்வளவு குறையுது, கீழ ரெண்டு கையெழுத்து: எடை போட்டவர், கூட நின்னு பாத்தவர். அதே மாதிரி ஒரு தாள் எழுதியிருக்கேன். "கவசம்-6. எழுதியிருந்தது ஆறு மணி நேரம். ஓடியது இரண்டு மணி முப்பத்துமூன்று நிமிடம்." ஓட்டினவர்னு நான் போட்டுட்டேன். கூட நின்னவர்னு அம்மா போட்டுட்டாங்க. மூணாவதா ஒரு கோடு போட்டு விட்டிருக்கேன்: "ஆறு மணி நேரம் என்று எழுதியவர்." தாளை இதோட வச்சிருக்கேன்.

வெள்ளிக்கிழமை மெஷினை வாங்க ஒருத்தர் வந்தாரு, அவர் மனைவிக்கு வேணுமாம். மெஷின் பக்கத்துல இருந்த பேட்டரியைப் பாத்துட்டு, "அது கவசம்-6 தானே? தட்டிப்பார்ல ஒன்பது மார்க்கு போட்டிருந்தாங்க. அதையும் குடுத்துடுவீங்களா?"ன்னாரு. நான் எதுவும் விளக்கலை. வீடியோவைக் கையில குடுத்தேன். தள்ளித் தள்ளிப் பாப்பாருன்னு நினைச்சேன். உக்காந்து ரெண்டரை மணி நேரமும் பாத்தாரு, அண்ணா. பீப் வந்ததும் எந்திரிச்சு, "சிலிண்டர் எங்க கிடைக்கும்?"னு கேட்டாரு.

அவருக்கு நான் நேர்ல சொல்லிட்டேன். அந்த ஒன்பது மார்க்கைப் பாத்து இன்னிக்கும் யாரோ சிலிண்டரைத் திருப்பி அனுப்பறாங்க. அவங்களுக்கு என் பேரும் அம்மா பேரும் போதாது.

போன் பண்ணாதே. நீ சொல்லாமலே வச்சுடுவே. கையெழுத்துப் போட்டுத் தபால்ல அனுப்பினாலும் சரி, எடுத்துக்கிட்டு நீயே வந்தாலும் சரி. வந்தா அம்மாவோட முகத்தைப் பாத்துத்தான் குடுக்கணும்.

மெஷின் போயிடுச்சு. வீடு ரொம்ப அமைதியா இருக்கு. நாங்க ரெண்டு பேரும் சுகம்னு எழுத மாட்டேன், அதுக்கு என்கிட்ட ஆதாரம் இல்லை.

தங்கச்சி